ஆமாவும் ஆவும்: வழிநடையில் உயிரை இனங்காணுதல்

ஒன்றைக் காண்பதும் அது இன்னது என அறிவதும் ஒரே செயலா, இரண்டு செயல்களா என்னும் வினாவை ஆராயப் புகுந்த நியாய நூலார், தம் வாதத்துக்குரிய சான்றைக் காட்டுவழி ஒன்றிலிருந்தே எடுத்துக்கொண்டனர். ஆமாவை ஒருபோதும் கண்டிராத ஊர்வாசி ஒருவன், அது எப்படியிருக்கும் என்று காடறிந்தவன் ஒருவனைக் கேட்க, அவன் 'ஆவைப் போலிருக்கும்' என்று விடையிறுக்கிறான்; பின்னொரு நாள் காட்டில் நடந்து செல்லும் ஊர்வாசி ஆவைப் போன்ற, ஆனால் ஆவல்லாத ஒரு விலங்கை எதிரே கண்டு, கேட்ட சொல்லை நினைவுகூர்ந்து, 'ஆமா எனப்படுவது இதுவே' என்று தெளிகிறான். கண்ணால் கண்டதும், பிறர் வாய்க் கேட்டதும், நினைவில் கிடந்ததும் ஒருங்கே கூடிப் பிறக்கும் இந்தத் தெளிவை உவமானம், அதாவது ஒப்பு அளவை, என்று அவர்கள் பெயரிட்டனர். அளவை என்பது மெய்யறிவு பிறப்பதற்கான வாயில். கௌதமரின் நியாய சூத்திரம் அத்தகைய வாயில்கள் நான்கு என்று கொண்டு, ஒப்பையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. மணிமேகலையின் 27ஆம் காதையில் சமயவாதிகள் தத்தம் கொள்கைகளை உரைக்குமிடத்தும் ஒப்பளவைக்கு இதே விலங்கே சான்றாக வந்து நிற்கிறது.

நூல்கள் 'கவயம்' என்று குறிக்கும் அவ்விலங்கை, இன்று தமிழகத்தில் பலரும் காட்டெருமை என்றழைக்கும் பெருவிலங்காகவே அறிஞர் பலர் கொள்வர். தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரிலிருந்து தெற்கே தோன்றும் சேர்வராயன் மலையில் அது இன்றும் கூட்டமாக மேய்கிறது. காப்பித் தோட்டங்களுக்குள்ளும் இறங்கி வருகிறது. அதன் கரிய மேனியும் பருத்த உடலும் எருமையை நினைவூட்டுவதால் இப்பெயர் நிலைத்திருக்க வேண்டும். ஆனால், விலங்கியலார் அதனைப் பசு சேர்ந்துள்ள போஸ் பேரினத்திலேயே சேர்க்கின்றனர். எருமை வேறொரு பேரினத்தது. ஆகவே, காடறிந்தவன் சொன்ன 'ஆவைப் போல' என்னும் சொல்லும், ஆமா என்னும் பழந்தமிழ்ப் பெயரும், பின்னெழுந்த வழக்குப் பெயரைக் காட்டிலும் உண்மைக்கு அணுக்கமானவை. மேற்புறத் தோற்றத்தில் நில்லாமல் கொம்பின் வளைவையும், நெற்றியின் அகலத்தையும், கன்றைப் பேணும் முறையையும் நெடுநாள் கண்டவர் கொடுத்த பெயர் அது என்றே கொள்ளத் தோன்றுகிறது.

இதே காட்சியை மீமாஞ்சகர் வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தனர். காட்டில் ஆமாவைக் கண்டவன் அடையும் புதிய அறிவு ஆமாவைப் பற்றியது அன்று, வீட்டில் நிற்கும் தன் பசுவைப் பற்றியது என்பது அவர்கள் வாதம்; ஏனெனில் எதிரே நிற்கும் ஆமாவைக் கண்ணே காட்டிவிடுகிறது, கண்ணுக்கு அப்பால் நிற்கும் பசு 'இதனைப் போன்றது' என்பதுதான் அவன் அதுவரை அறியாதது. நெடுவழி நடப்பவரின் அறிவைப் பற்றி இதைவிட நுட்பமாகச் சொல்லப்பட்டது அரிது. ஊரில் நாள்தோறும் கண்டும் காணாதிருந்த மாடும் மைனாவும் வேம்பும், காட்டில் அவற்றின் உறவினங்களைக் கண்டு மீண்டவருக்கு முதன்முறையாகப் புலப்படுகின்றன.

ஒப்புக்கு முன் நிகழும், நேரே கண்டறிவதாகிய காட்சி அளவையைத் தமிழில் விரிவாக ஆராய்ந்த நூல்களுள் தலையாயது 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார். ஏதோ ஒன்று உண்டு என்ற அளவில் நிற்பதை நிருவிகற்பக் காட்சி என்றும், பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தால் பிரித்தறிவதைச் சவிகற்பக் காட்சி என்றும் அது வகுக்கிறது. இங்கே சாதி என்பது இனம். கன்மம் என்பது தொழில். பொருள் என்பது ஒன்று தன்னிடத்தே உடைய உறுப்போ அணியோ ஆகும். கம்பைநல்லூர் ஆறு தென்பெண்ணையை நோக்கிச் செல்லும் கரையோரமாகக் காலையில் நடப்பவர் காதில் விழும் பறவைப் பெயர்களை இவ்வைந்தோடு ஒட்டிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும்: செம்போத்து தன் நிறத்தால், அதாவது குணத்தால், பெயர் பெற்றது, மரங்கொத்தியும் மீன்கொத்தியும் வாலாட்டியும் தொழிலால் பெற்றன, கொண்டலாத்தி தலையில் உடைய கொண்டையால் பெற்றது. மார்கழி, தை மாதங்களில் பழனிக்கு நடந்து செல்லும் அடியார் விடியற்காலையில் புதரடியில் கேட்கக்கூடிய இருசீழ்க்கைக்கு உரிய ஆறுமணிக்குருவியோ, காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரலெழுப்பும் வழக்கத்தால் பெயர் பெற்றது. வடக்கே இமயத்தின் அடிவாரங்களிலும் நடு இந்தியாவிலும் கூடுகட்டி, குளிர்காலத்தில் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் வந்து சேரும் அச்சிறு பறவை அடியாரினும் நெடுவழி கடந்து வந்தது.

பெயர் மட்டும் எஞ்சினால் என்ன நேரும் என்பதற்குக் குறிஞ்சிப்பாட்டு சான்றாகும். கபிலர் அதில் 99 மலர்களைப் பெயர் சொல்லி நிரைத்தார். அவற்றுட் பல இன்றும் கையில் எடுத்துக் காட்டக்கூடியவை, சிலவோ எச்செடியின் மலர் என்பதில் அறிஞர் வேறுபடுபவை. சொல்லைக் காத்த தமிழர் செடியைச் சுட்டிக்காட்டும் விரலைச் சில இடங்களில் இழந்துவிட்டனர். 'ஆவைப் போல' என்று சொல்ல ஒருவர் இல்லாதபோது ஆமா என்னும் பெயர் வெறும் ஒலியாகிவிடுகிறது.

ஒப்பளவையின் எல்லை எதுவென்பதைக் காளான் காட்டுகிறது. மழை பெய்து ஓரிரு நாளில் செம்மண் புற்றுகளின் மேலும் அருகிலும் எழும் புற்றுக்காளான், கறையான்கள் தம் புற்றின் ஆழத்தில் வளர்க்கும் பூஞ்சையின் கனி. அதன் தண்டு வேர்போல நீண்டு புற்றுக்குள் இறங்கியிருக்கும். அதே மழைக்கு, மேயும் நிலங்களிலும் எருக்குழி ஓரங்களிலும் குடைவிரித்து எழும் வேறொரு வெண்காளானும் தொலைவிலிருந்து அதைப் போலவே தோன்றும். ஆனால், தண்டில் வளையம் உடையது, ஆழ்ந்திறங்கும் வேர்த்தண்டு அற்றது, முதிர்ந்தபின் குடையின் கீழ்மடிப்புகள் பசுமையோடுவது, உண்டவரை வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் தள்ளுவது. இன்னும் கொடியனவாகிய அமானிட்டா இனங்கள் சிலவற்றின் நஞ்சு, உண்டு பல மணி நேரம் கழித்தே தன்னை வெளிப்படுத்திக் கல்லீரலை அழிக்கும். பூச்சி அரித்த காளான் தீங்கற்றது என்னும் நம்பிக்கைக்கு எந்த அடிப்படையும் இல்லை; பூச்சிக்கு ஒவ்வுவது மனிதருக்கும் ஒவ்வும் என்னும் பிழையான ஒப்பே அது. இங்கே 'போல' என்னும் சொல்லை நம்பிக் கைநீட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். பிற்காலத் தருக்க நூலார் இதனை உணர்ந்தே, ஒப்புமையால் அறிவதோடு வேற்றுமையால் அறிவதையும், பிறிதெதற்கும் இல்லாத சிறப்புப் பண்பால் அறிவதையும் உவமானத்துள் அடக்கினர். காளானை இனங்காண்பவருக்கு முதற்கேள்வி 'இது எதைப் போன்றது' என்பதாகலாம். காப்பது 'எதனால் இது அதுவன்று' என்னும் இரண்டாம் கேள்வியே. கயிற்றைப் பாம்பெனக் காண்பதைத் திரிபுக்காட்சி என்றும், தொலைவில் நிற்பது மரக்குற்றியோ மனிதனோ என மயங்குவதை ஐயக்காட்சி என்றும் நூலார் வகுத்தனர். இவ்விரண்டனுள் வழிநடப்பவருக்குப் பாதுகாப்பானது ஐயமே.

இத்தனையும் சமயப் பயணத்துக்குப் பொருந்துமா என்னும் தடையைச் சைவ சித்தாந்தத்தின் உள்ளிருந்தே எழுப்பலாம். 'இது' என்று சுட்டி, ஒன்றைப் பிறவற்றினின்று பிரித்து அறிவதைச் சித்தாந்திகள் சுட்டறிவு என்பர். சுட்டறிவுக்கு எட்டுவதெல்லாம் தோன்றி மறையும் அசத்து என்பதும், இறைவன் அவ்வாறு சுட்டி அறியப்படுபவன் அல்லன் என்பதும் மெய்கண்டாரின் சிவஞானபோதத்து ஆறாம் நூற்பாவின் கருத்து. அப்படியாயின் தீர்த்தமலைக்கோ பழனிக்கோ நடப்பவர், வழியில் நிற்கும் வெப்பாலையையும் உசிலையும் பெயர் சொல்லி அறிவதால் பெறுவது என்ன, வந்த நோக்கத்தினின்று மனம் விலகுவதைத் தவிர?

இத்தடை வலியது, ஆயினும் முழுமையானதன்று. சித்தாந்தம் வகுத்த நால்வகை நெறியுள் முதலாவதாகிய சரியை, உடம்பால் செய்யும் தொண்டு. பூக்கொய்வதும் மாலை தொடுப்பதும் அதன் கூறுகள். தும்பையையும் கொன்றையையும் எருக்கையும் வில்வத்தையும் பிற செடிகளினின்று பிரித்தறியாதவர் அத்தொண்டில் கைவைக்கவே இயலாது. ஆகவே சுட்டறிவு, கடக்கப்பட வேண்டியதாயினும், மிதித்தேறும் படியாக அந்நெறியினுள்ளேயே இடம்பெற்றிருக்கிறது. மேலும், உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்பதும் சித்தாந்தக் கொள்கையே. பெயரை அறிந்ததும் கண்ணைத் திருப்பிக்கொள்பவர் பெயரைச் சார்கிறார். பெயரை அறிந்தபின்னும் நின்று நோக்குபவர் உயிரைச் சார்கிறார். புல்லும் புழுவும் மரமும் பறவையுமாகப் பிறந்து இளைத்த உயிரே இன்று மனிதராக நிற்கிறது என்பதைத் திருவாசகத்தில் ஓதியபடி நடப்பவருக்கு, புதரடியில் எழும் காளான் தொடர்பற்ற ஒன்றாக இருக்க முடியாது.

சமணமோ இக்கேள்வியைத் தயக்கமின்றித் தீர்த்தது. இன்றைய தருமபுரியாகிய தகடூரில் 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், நுளம்பர் ஆட்சியில், சமணக் கோயில் எழுந்ததைக் கல்வெட்டு தெரிவிக்கிறது; ஆகவே இவ்வழிகளில் ஒருகாலத்தில் நடந்தவருள் சமண முனிவரும் இருந்திருப்பர். அவர்களுக்கு விதிக்கப்பட்ட ஈரியா சமிதி, அதாவது நடையில் காக்கும் கவனம், நுகத்தடி நீளத்துக்கு எதிரேயுள்ள நிலத்தைப் பார்த்துக்கொண்டே பகலில் நடக்க வேண்டும் என்பது. அமருமிடத்தை மயிற்பீலியால் மெல்ல ஒதுக்கிவிட்டு அமர்வதும், சிற்றுயிர்கள் மண்ணெங்கும் பெருகும் மழைக்காலத்து நான்கு மாதம் பயணமே செய்யாமல் ஓரிடத்தில் தங்குவதும் இதன் தொடர்ச்சியே. உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் ஓரறிவு முதலாகப் பகுக்கும் முறை சமண நூல்களிலும் உண்டு, தொல்காப்பிய மரபியலிலும் உண்டு. தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் ஓரறிவில் தொடங்கி, நத்தை, எறும்பு, நண்டு எனப் படிப்படியாக ஏறி மனிதரை ஆறறிவில் நிறுத்துகிறார். முனிவருக்கு இப்பகுப்பு ஏட்டுக்கல்வி அன்று. எதன்மேல் கால்படக் கூடாது என்பதை அறிய எது உயிர் என்பதை அறிந்தாக வேண்டும். அகிம்சை இனங்காணுதலில்தான் தொடங்குகிறது என்று இவ்விதியைப் படிப்பது பொருந்தும்.

அறிந்தும் பெயர் சொல்லாதிருக்கும் வழக்கமும் தமிழரிடையே உண்டு. இரவில் பாம்பைப் 'பூச்சி' என்பதும், யானையைச் 'சாமி' என்பதும் அறியாமையால் அல்ல. எதிரே இருப்பது இன்னதென்று ஐயமற அறிந்தவரே அவ்வாறு சொல்கின்றனர். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கி, இலங்கையின் கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தைமலை கடந்து, குமண, யால காடுகளின் ஊடே கதிர்காமம் சேரும் பாதயாத்திரை, தமிழர் மேற்கொள்ளும் வழிநடைகளுள் மிக நீண்டவற்றில் ஒன்று. யானையும் கரடியும் சிறுத்தையும் உலவும் அக்காட்டில் அடியார் கூட்டமாக அரோகரா முழக்கத்தோடு நடக்கின்றனர். அங்கே நீர்நிலையருகே பதிந்த காலடி யானையினுடையதா மாட்டினுடையதா என்று அறிவது படிப்பின் பெருமை அல்ல. எங்கே தங்குவது, எப்போது நீரெடுப்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்தவை. காடு தமக்கு உரியதன்று, வேறு உயிர்கள் வாழும் இடத்தைச் சில நாட்களுக்குக் கடந்துபோகிறோம் என்னும் அடக்கத்தைப் பக்தியினின்று பிரித்துக் காட்ட அவ்வழியில் நடப்பவரால் இயலாது.

இனப்பெயரோடு நில்லாமல் தனிப்பெயரைக் கல்லில் பொறித்த மரபும் தென்பெண்ணை நாட்டின் அண்டையிலேயே உண்டு. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல், மாண்ட வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்பதையும் எழுதிவைத்திருக்கிறது. நாய் என்பது சாதி. கோவிவன் என்பது கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அந்த ஒன்றே. இனங்காணுதல் எவ்வளவு நுண்மையாயினும் இனத்தோடு நின்றுவிடுகிறது என்பதையும், அதற்கப்பால் இவ்வொன்று என்னும் தனியுயிர் இருக்கிறது என்பதையும் அக்கல் 1,400 ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கையேட்டைப் பார்த்துப் பறவையின் பெயரைக் குறித்துக்கொள்பவர் இதை மறக்கலாகாது.

கோடையில் நீர்வற்றிய ஆற்றுப்படுகைகளில் நடப்பவரைக் கண்டதும் தலைக்குமேல் சுழன்று ஓயாமல் கத்தும் பறவைக்கு ஆள்காட்டி என்று பெயர், பேச்சுவழக்கில் ஆக்காட்டி. ஆள் வருவதைக் காட்டிக்கொடுக்கும் தொழிலால் அமைந்த அப்பெயரில், இனங்காண்பவர் யார், காணப்படுபவர் யார் என்பது தலைகீழாகிவிடுகிறது: மனிதர் பறவையை அறிவதற்கு முன்னரே பறவை மனிதரை அறிந்து, பிற உயிர்களுக்கும் அறிவித்துவிடுகிறது. அது கூடு கட்டுவதில்லை. கூழாங்கற்களுக்கிடையே வெறுந்தரையில் சிறுகுழி பறித்து, கல்லின் நிறமே கொண்ட முட்டைகளை, பெரும்பாலும் நான்கு, இட்டுக் காக்கிறது. காலடியில் கிடந்தாலும் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. காட்சி அளவை அங்கே கைவிடுகிறது. சித்தியார் கருதல் எனும் அனுமான அளவை, குரலின் பதற்றத்தைக் கேட்டவருக்கு முட்டை அருகில் உண்டு என்பதை உணர்த்துகிறது. அதை உணர்ந்தவர், எங்கே என்று தேடிச் சுட்டிக்காட்ட முயலாமல், வந்த தடத்தை விட்டுக் கரையேறி, பறவை கத்துவதை நிறுத்தும் தொலைவு வரை விலகி நடந்து, பின் மீண்டும் தம் வழியில் சேர்ந்துகொள்கிறார்.