குருவானவரின் சொல்லும் கிராமத்தின் குரலும்

ஒரு கிராமத்தில் பங்குக் குருவானவரின் சொல்லே சட்டமாயின், அதனால் விளையும் நன்மை அறமாகுமா? இவ்வினாவை ஆராய்வதற்கு இத்தாலியின் பார்பியானா என்னும் மலைக்கிராமம் தக்க சான்றாகும். 1954இல் அங்கு அனுப்பப்பட்ட லொரென்சோ மிலானி அடிகளார், பாடசாலைகள் கைவிட்ட ஏழை உழவர் பிள்ளைகளுக்குத் தாமே கல்வி புகட்டினார். மொழியாற்றல் அற்றவன் என்றும் பிறர்க்கு அடங்கியே வாழ்வான் என்பது அவர் துணிபு. ஆயினும் அப்பள்ளியில் விடுமுறை இல்லை. கண்டிப்போ மிகக் கடுமையானது. விடுதலைக்கு வழிகாட்டியவரே அதிகாரமும் செலுத்தினார். 1967இல் அவர்தம் மாணவர், தம்மை ஒதுக்கிய கல்வி முறையைக் கண்டித்து ஒரு நூலைக் கூட்டாக எழுதி வெளியிட்டனர். அவ்வாண்டே அவர் மறைந்தார். குருவானவரிடம் பெற்ற சொல்லைக் கொண்டு அவருக்கே மறுப்புரைக்க வல்லவராய் மக்கள் வளர்வரேல், அவரது செல்வாக்கு அறத்தின்பாற்பட்டது. பணிவை மட்டும் விட்டுச் செல்வது ஆதிக்கமேயாம்.