முன்னோர் விட்டுச்சென்றது

வட்டுக்கோட்டையிலிருந்து மாணவர்களுடன் சுற்றுலா சென்று யாப்பகூவாவின் செங்குத்தான கற்படிகளில் ஏறினேன். 13ஆம் நூற்றாண்டில் முதலாம் புவனேகபாகு தலைநகராக்கிய பாறைக்கோட்டை அது. பாண்டியரின் படையுடன் வந்த ஆரியச்சக்கரவர்த்தி அங்கிருந்த புத்தரின் தந்தத்தாதுவைக் கவர்ந்து சென்றதாகச் சூளவம்சம் கூறுகிறது. யாழ்ப்பாண மன்னர்களின் பட்டப்பெயரும் அதுவே.

"எங்கட ஆக்கள் பிடிச்ச கோட்டையோ சேர்?" என்று ஒரு மாணவன் பெருமிதத்துடன் கேட்டான். ஓம் என்று சொல்ல நா எழவில்லை.

முன்னோரின் வெற்றி எமது பெருமையென்றால், அவர்களின் அநீதி யாருடையது?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். எனக்கு அப்போது பத்து வயது. சில வாரங்களின் பின் அப்பா மலிவு விலையில் ஒரு தையல் மெசின் வாங்கி வந்தார். யாருடையதென்று எவரும் கேட்கவில்லை. என் பள்ளிச் சட்டைகள் அதில்தான் தைக்கப்பட்டன.

குற்றம் பிள்ளைக்கு இறங்குவதில்லை என்பது சரிதான். ஆனால் கடன்? இறந்தவரின் கடனைத் தீர்த்த பிறகே சொத்தைப் பங்கிட வேண்டும் என்கிறது இஸ்லாமிய வாரிசுச் சட்டம். மெசினைப் பெற்றுக்கொண்ட நான் கடனை மட்டும் மறுப்பது எப்படி?

தந்தத்தாதுவை மூன்றாம் பராக்கிரமபாகு போரிட்டு மீட்கவில்லை. பாண்டியனிடம் நேரில் சென்று பேசியே பெற்றான். எங்கள் மெசினைக் கேட்டு இன்றுவரை எவரும் வரவில்லை. வரட்டுமென்று காத்திருப்பதும் கவர்தல்தான்.

படியிறங்கும்போது மாணவனுக்குச் சொன்னேன்: "ஓம் தம்பி, எங்கட ஆக்கள்தான். பெருமையை எடுத்தால் கடனையும் எடுக்கவேணும்."