மறைக்கும் பொன்னும் மறையா மணியும்



கல்லில் பொன் கலந்து கிடப்பதுபோல உயிரோடு வினை அநாதியாகக் கலந்துள்ளது என்பது நம் ஆசாரியர்கள் காட்டும் உவமை. தீயினால் பொன் பிரிவதுபோல் தவத்தினால் உயிர் தூய்மை எய்தும். நாமோ உவமையாகிய பொன்னைப் பற்றிக்கொண்டு, பொருளாகிய உயிரை மறந்துவிடுகிறோம்.

வெகுளி, செருக்கு, மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்களும் பொன் தேடுவோரிடம் ஒருங்கே விளங்கக் காணலாம். பொன்னை விழைவது உலோபம்; கண்ட இடத்தை மறைப்பது மாயை; 'முதலிற் கண்டவன் யானே' என்பது செருக்கு; பிறன் கண்டால் எழுவது வெகுளி.

கலிபோர்னியாவில் 1848 சனவரியில், சட்டர் என்பவருக்காகக் கட்டப்பட்டுவந்த மரம் அறுக்கும் ஆலையருகே பொன் கிடைத்தது. செய்தியை வெளியிடவேண்டா எனப் பணியாளரை அவர் வேண்டினார். ஆயினும் இரகசியம் பரவிற்று. திரண்டு வந்தோர் அவர் நிலங்களைக் கைப்பற்றினர், கால்நடைகளைக் கொன்றனர். இழப்பீடு பெறாமலேயே அவர் 1880இல் மறைந்தார்.

அக்காலத்திலேயே நம் நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளிலும் பொன்வேட்கை மூண்டது. இலண்டனில் பல கம்பெனிகள் தோன்றின; சில ஆண்டுகளிலேயே பெரும்பாலானவை வீழ்ந்தன. அண்மைக் காலத்திலும் அங்கு அனுமதியின்றிக் குழி தோண்டியோர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது.

ஒரே இரகசியத்தைக் காப்போர் நண்பர் போலத் தோன்றுவர். ஆனால் இடம் அறிந்த கூட்டாளியிடமே அச்சம் மிகுதி. இது பொன் தேடுவோர்க்கு மட்டும் உரியதன்று. உடன்பிறந்தார் அறியாமல் எழுதிய பத்திரமும், பங்காளிக்குக் காட்டாத கணக்கும் நம் இல்லங்களில் நாமே தோண்டும் குழிகள் அல்லவா?

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் இல்லறத்தாரைப் பொருளைத் துறக்கச் சொல்லவில்லை. அளவு வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. அளவு வகுத்தவனுக்கு மறைக்க வேண்டியது யாதுமில்லை.

சிற்பமுள்ள பாறையின்கீழ்ப் புதையல் இருக்கும் என எண்ணுவோர் நாட்டில் பலர். அவர்கள் தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள உத்தமபாளையம் சென்று திருக்குணகிரிப் பாறையைக் காணட்டும். ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அங்கு வரிசையாக விளங்குகின்றன. நாகம் குடைவிரிக்கும் பார்சுவநாதரையும் தரிசிக்கலாம். அங்கு வட்டெழுத்தில் அச்சணந்தி அடிகளின் பெயர் உள்ளது. ஐவர்மலை, ஆனைமலை, அழகர்மலை ஆகிய குன்றுகளிலும் அப்பெயர் காணப்படுகிறது. தாம் கண்ட செல்வத்தை அவ்வடிகள் மறைக்கவில்லை. வழிச்செல்வோர் எல்லாரும் காணத் திறந்த பாறையில் விளங்கச் செய்தார். அப்பாறையின் புதையல் கீழே இல்லை, மேலேயே உள்ளது.

பகிர்ந்தால் பொன் குறையும், ஆதலின் மறைக்கிறோம். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளோ பகிரப் பகிர வளரும். எனவே அன்பர்களே, நம் உடைமைக்கு இன்றே ஓர் அளவு குறிப்போம். அதனை இல்லத்தார் அனைவரும் அறியச் செய்வோம். குன்றுதோறும் முன்னோர் வைத்துச் சென்ற மணிகளை மக்களுக்குக் காட்டுவோம்.

அறம் வளர்க! அருகன் திருவடி போற்றி!