குடிவிட்டவன் நடுக்கம்

ஒருவன் தானே தேடிக்கொண்ட நோயால் வருந்துகின்றான். அவ்வருத்தம் தண்டனையா, பிணியா? அறவியலார் நெடுங்காலம் வினவிவந்த இவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி வைத்திய நூலொன்றிலிருந்து கிடைத்தமை சிந்திக்கற்பாலது.

இங்கிலாந்தின் கென்ற் பகுதியிற் பணிபுரிந்த தோமஸ் சட்டன் என்னும் வைத்தியர், மூளைக்காய்ச்சல் எனப் பொதுவாக அழைக்கப்பட்ட பிணிகளுள் ஒன்றை வேறுபிரித்து, 1813இல் அதற்கு 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' எனப் பெயரிட்டார். நடுக்கத்தோடு கூடிய சித்தக்கலக்கம் என்பது அதன் பொருள். கை நடுங்கும், உறக்கம் அகலும், இல்லாத உருவங்கள் கண்முன் ஊரும். அக்கால வழக்கப்படி இத்தகையோரின் குருதியை வடித்தனர். வடிக்கப்பட்டோர் நலிய, அபின் கொடுத்து உறங்கவைக்கப்பட்டோர் தேறினர் என்பதைச் சட்டன் கண்டார். நோயாளர் மதுவில் மூழ்கியோர் என்பதையுங் கண்டார். ஆயினும் இப்பிணி குடித்ததனால் வந்ததா, குடியை நிறுத்தியதனால் வந்ததா என்ற வழக்கு அவருக்குப் பின்னரும் நூறாண்டுக்கு மேல் நீடித்தது.

அதனைப் பெரிதுந் தீர்த்துவைத்தது 1955இல் வெளியான ஹரிஸ் இஸ்பெல் குழுவினரின் ஆய்வாகும். அமெரிக்காவின் லெக்சிங்ரனில், முன்னர் மோர்பின் பழக்கமுற்றிருந்த 10 கைதிகளுக்கு நல்லுணவோடு மதுவும் நாள்தோறும் அளிக்கப்பட்டது. நெடுநாட் குடித்து உடனே நிறுத்தியோருள் வலிப்பும் சித்தக்கலக்கமும் தோன்றின. (கைதிகளிடத்து இத்தகைய சோதனை தகுமா என்பது தனிக்கட்டுரைக்குரியது, அவர்கள் இசைந்தனர் என்பதால் மட்டும் அவ்வினா தீர்ந்துவிடாது.) மது மூளையை அடக்குகிறது, மூளையோ அதற்கெதிராகத் தன் கிளர்ச்சியை உயர்த்திப் பழகிக்கொள்கிறது. மது திடீரென நீங்கியதும் அக்கிளர்ச்சி கட்டற்றுப் பாய்கிறது. இதிலே மனவுறுதிக்கு இடம் ஏது?

பிணி என்றால் குடிகாரனின் பொறுப்பு நீங்கிவிடாதா எனச் சிலர் வினவலாம். நீங்காது. மனைவி மக்களுக்கு அவன் இழைத்தவற்றுக்கு அவனே விடைகூறவேண்டும். ஆனால் அவன் நடுங்கிப் பிதற்றும் வேளை அக்கணக்கைக் கேட்கும் வேளையன்று. திருக்குறளிற் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம்; மருந்து 95ஆம் அதிகாரம். நம் மேடைகளில் முன்னதை முழங்குவோர் பின்னதுவரை செல்வது அரிது.

குடியை நிறுத்தச் சொல்பவனுக்கும் ஒரு கடமை உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கினால் மதுக்கடைகள் மூடப்பட்டபோது, கேரளத்திற் குடிக்கு அடிமைப்பட்டோர் சிலர் தம்முயிரை மாய்த்தனர். வைத்தியரின் சீட்டின்பேரில் மது வழங்க அரசு ஆணையிட, வைத்தியர் சங்கத்தினர் எதிர்த்தனர். ஏப்ரல் 2இல் உயர் நீதிமன்றம் அவ்வாணையை இடைநிறுத்தியது. டயசிபாம் இனத்து மருந்துகளும் தயமின் உயிர்ச்சத்தும் இருக்க, மதுவையே மருந்தாக எழுதச் சொன்னது பொருந்தாது என்பதே என் கருத்து. எனினும் அடைத்த கதவுக்கு அப்பால் நிற்பவனை அவ்வரசு நினைத்துப்பார்த்தது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கார்த்திகையில் மாலையணிவோரையும், தவக்காலத்திற் குடியை விடுவதாக நேர்ந்துகொள்வோரையும் நாம் அறிவோம். அவர்களுள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்த ஒருவன் இரண்டாம் மூன்றாம் நாளிற் பிதற்றத் தொடங்கினால், தெய்வக் குற்றம் என்பார் சிலர்; மீண்டுங் குடிக்கப் போடும் நாடகம் என்பார் வேறு சிலர். இவ்விரு தீர்ப்புகளும் அவனை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லா. சிகிச்சையின்றி விட்டால் அப்பிணி உயிரையுங் கொள்ளும். எத்தனை காலம், எவ்வளவு குடித்தாய் என மாலையிடுமுன் குருசாமி வினவி, வேண்டுமாயின் முதலில் வைத்தியரிடம் அனுப்புதல் எந்த விரதத்துக்கு முரணாகும்?