அகவையும் சினமும்



கோவிலம்பாக்கத்திலிருந்து இல்லறத்தார் பலர் நாள்தோறும் பணிக்குப் புறப்படுகின்றனர். பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடிச் சாலை வழியே கிழக்கே கணினி நிறுவனங்களுக்குச் செல்வோர் சிலர். மேற்கே, 1984-ஆம் ஆண்டு தாம்பரத்தில் தொடங்கப்பெற்ற ஏற்றுமதி மண்டலத்துத் தொழிலகங்களுக்குச் செல்வோர் சிலர். அங்கெல்லாம் மகன் வயதினர் மேலாளராகவும், தந்தை வயதினர் அவர்க்குக் கீழ்ப் பணிபுரிவோராகவும் இருத்தல் இன்று புதுமையன்று. தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயதும் 58-லிருந்து 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பெற்றது. மூத்தோரும் இளையோரும் கலந்து பணிபுரியும் காலம் நீண்டுள்ளது. அங்கு எழும் மனத்தாங்கல் மாலையில் அலுவலகத்தோடு நின்றுவிடுவதில்லை. வீட்டிற்கும் உடன் வந்து, மனைவி மக்கள் மீது பாய்கின்றது. ஆகவே இதனைச் சிந்தித்தல் நம் கடனாகும்.

அகவை ஏற ஏறச் சினம் தணியும் என்பர். உளவியலாரும் இதனை ஆய்ந்துள்ளனர். அமெரிக்கப் பேராசிரியை லாரா கார்ஸ்டென்சனும் அவர்தம் குழுவினரும், 18 முதல் 94 வயது வரையுள்ளோரின் அன்றாட உணர்வுகளை ஒரு வாரம் பதிவு செய்து, 2000-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். சினம், துயரம் போன்றவை எழுவது ஏறத்தாழ 60 வயது வரை குறைந்து வருவதைக் கண்டனர். எஞ்சிய காலம் குறுகுவதை உணர்வோர் அதனைச் சிறு பூசல்களில் செலவிட விரும்பார் என்பது அவ்வம்மையார் தரும் விளக்கம். நாலடியாரில் இளமை நிலையாமைக்கும் சினமின்மைக்கும் தனித்தனி அதிகாரங்கள் அமைந்திருத்தலை இங்கு நினைவுகூர்தல் தகும்.

ஆயின், நரை தோன்றியதாலேயே கஷாயங்கள் நீங்கிவிட்டன எனக் கொள்ளலாகாது. குரோதம், மானம், மாயை, லோபம் என அவை நான்கு. மூத்தோரிடம் குரோதம் மெலிந்த இடத்தில் மானம் என்னும் செருக்குத் தடித்துவிடுவதுண்டு. “நேற்று வந்தவன் எனக்குக் கற்பிப்பதா?” என்னும் சொல் அதன் குரலேயாகும். இளையோரிடம் குரோதம் விரைந்து எழும். மேலாளர் முன் அதனை மறைத்து முறுவலித்துப் புறத்தே பழிதூற்றுங்கால், அது மாயையோடும் கூடுகின்றது. எனவே எவ்வகவையினரும் மற்றவரைக் குறைகூறற்கு இடமில்லை.

நம்மை நாமே அளந்துகொள்ள ஆசாரியர்கள் ஓர் அளவுகோல் அருளியுள்ளனர். அது வயதன்று, கஷாயம் உள்ளத்தில் தங்கும் காலமே. நீரில் இட்ட கோடு போல் ஒரு முகூர்த்தமாகிய 48 நிமிடத்திற்குள் மறைவது சஞ்சுவலனம். மணலில் இட்ட கோடு போல் பதினைந்து நாள்களுக்குள் மறைவது பிரத்தியாக்கியானம். நிலத்துப் பிளவு போல் ஆறு திங்கள் வரை நிற்பது அப்பிரத்தியாக்கியானம். கல்லில் வெட்டிய கோடு போல் அதனையும் கடந்து, பிறவிகள் தோறும் தொடர்வது அநந்தாநுபந்தி. இது நற்காட்சியையே மறைக்கும் கொடுமையுடையது.

இவ்வளவுகோலை நம் பணியிடத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். காலையில் கடிந்துரைத்த மேலாளர்மீது கொண்ட வெறுப்பு மாலைக்குள் நீங்கிற்றா? கடந்த ஆண்டு தமக்குக் கிட்டாத பதவி உயர்வைப் பெற்றவரிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசாதிருக்கின்றோமா? அங்ஙனமாயின் ஆறு திங்கள் எல்லை கடந்துவிட்டது. 25 வயதினரின் சினம் நீர்க்கோடாகவும், 58 வயதினரின் மனக்கசப்புக் கற்கோடாகவும் இருத்தல் கூடும். உரக்கப் பேசாமை பொறையுடைமை ஆகிவிடாது.

ஆதலின் மூத்தோர், தாம் கற்ற தொழில் நுணுக்கங்களை ஒளிக்காது இளையோர்க்கு உரைப்பாராக. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுதலே அவற்றின் இயல்பு என்பது நம் ஆகமநெறி. இளையோர், மூத்தோர் தயங்குமிடத்து எள்ளாது துணைநிற்பாராக. இருவரும் இரவில் துயிலுமுன் அன்றைய மனத்தாங்கலை எண்ணிப் பார்த்து, மன்னிப்பு வேண்டுவதையும் மன்னிப்பதையும் மறுநாளே செய்வாராக. ஆண்டுக்கொருமுறை தசலட்சண நாள்களில் உத்தம க்ஷமையைப் போற்றும் நாம், அதனைப் பத்து நாள் அறமாக நிறுத்திவிடலாகாது.

பணி ஓய்வு நாளில் மாலைகளும் பாராட்டுரைகளும் பணியிடத்தோடு நின்றுவிடும். வளர்த்த பகையோ வினையாகி உயிரோடு செல்லும். பகையின்றி வெளியேறுபவரே உண்மையில் ஓய்வு பெற்றவராவர்.

அறம் வளர்க!