சுவையும் சுவைப்போனும்

பூவிருந்தவல்லியை அடுத்த சென்னீர்குப்பத்தில் தன் வீட்டு மாடியறையில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவன், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியார் உருவாக்கி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் 'ஓப்பன் சோர்ஸ் பிரெய்ன்' தளத்துக்குச் சென்று, நரம்பணு மாதிரி ஒன்றைத் தேர்ந்து, அதனுள் பாயும் மின்னோட்டத்தைச் சற்றே கூட்டினால், மைனஸ் 65 மில்லிவோல்ட்டில் அசைவற்றுக் கிடந்த கோடு திடீரென்று துள்ளியெழுந்து, சுழியத்தைக் கடந்து ஏறி, ஓரிரு மில்லி விநாடிகளில் சரிந்து விழுவதைத் திரையில் காணலாம். அந்தத் துடிப்பைக் கணிதத்தில் பிடித்தவர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். கணவாயின் தடித்த நரம்பிழையில் சோதனை செய்து 1952-ல் அவர்கள் வெளியிட்ட சமன்பாடுகளே அதற்கு ஆதாரம். கேம்பிரிட்ஜின் கணிப்பொறி அப்போது மாற்றியமைக்கப்பட்டுக்கொண்டிருந்தமையால், ஹக்ஸ்லி கையால் சுழற்றும் எந்திரத்தைக் கொண்டே வாரக்கணக்கில் கணக்கிட்டார். இன்றோ யேல் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த 'நியூரான்', பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உபிந்தர் பல்லாவின் குழுவினர் ஆக்கிய 'மூஸ்' போன்ற மென்பொருள்கள் காசின்றிக் கிடைக்கின்றன.

தனி நரம்பணுவோடு இம்முயற்சி நிற்கவில்லை. 2024 அக்டோபரில், வளர்ந்த பழ ஈ ஒன்றின் மூளையிலுள்ள சுமார் 1,39,000 நரம்பணுக்களும் அவற்றிடையே ஓடும் ஐந்து கோடி இணைப்புகளும் முழு வரைபடமாக வெளியாயின. அதனை இயங்கும் மாதிரியாக்கிய ஆய்வாளர்கள் இனிப்பை உணரும் நரம்பணுக்களைத் தூண்டியபோது, உறிஞ்சுகுழலை நீட்டுவிக்கும் நரம்பணு கணக்கில் விழித்தது. கசப்பையும் சேர்த்துத் தூண்டியபோது அது அடங்கியது. சர்க்கரை இல்லை, நா இல்லை. ஆயினும் சர்க்கரையைத் தொட்ட ஈயின் மூளையில் நிகழ்வது நிகழ்ந்துவிட்டது. அங்கே இனிப்பை அறிந்தவர் யார்?

இக்கேள்வி நம் நாட்டுக்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தியான மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் ஆன்மா உண்டென்று நிறுவப் புகுந்தபோது, உடம்பை மாயையால் ஆகிய ஓர் இயந்திரமாகவே கொண்டார். உடம்பு மட்டுமன்று, மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்களும் சித்தாந்தியின் நோக்கில் ஜடமே. ஆன்மா அறிவதற்குத் துணையாகும் கருவிகளே. அக்கருவிகள் கழன்ற கேவல நிலையில் ஆன்மா ஒன்றையும் அறியாது கிடக்கும் என்றும் சித்தாந்திகள் துணிந்தனர். ஆகவே மூளையில் அடிபட்டவன் நினைவிழக்கிறான் என்று நவீனர் காட்டும் சான்று அவர்களை அசைப்பதில்லை. நினைவின் சுற்றுகளை எந்திரத்தில் இயக்கிக் காட்டினாலும் அவர்கள் திடுக்கிடார்.

பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பியை ஆசானாகப் போற்றிய இராமானுஜரோ, ஞானம் என்பது எப்போதும் ஒருவனுக்கு உரியதாகவும் ஒன்றைப் பற்றியதாகவுமே இருக்கும் என்றார். உடையவன் இல்லாத உணர்வு அவருடைய தரிசனத்தில் இல்லை. கணிப்பொறியில் எழுந்த அந்தத் துடிப்பு இனிப்பைப் பற்றியது என்று நாம் சொல்லலாம். அது யாருக்கு உரியது என்று வினவினால், திரையைப் பார்த்திருக்கும் மாணவனைத் தவிர வேறொருவரை நம்மால் சுட்ட இயலவில்லை.

பக்தர் சிலர் இவ்விடத்தில் வேறொரு நிம்மதியைத் தேடுகின்றனர். 302 நரம்பணுக்களே கொண்ட ஒரு சிறு புழுவின் இணைப்பு வரைபடம் 1986-லேயே வெளிவந்தும் அதன் வாழ்வை எவரும் இன்றுவரை முழுமையாகக் கணிப்பொறியில் படைத்துவிடவில்லையே, அந்தக் குறையில் அன்றோ ஜீவன் ஒளிந்திருக்கிறது என்பர். இது ஆபத்தான வாதம் என்றே நான் கருதுகிறேன். அந்தக் குறை நாளையே தீரலாம். தீர்ந்தால், அங்கே குடிவைத்த ஆன்மாவையும் அன்றே வெளியேற்ற நேரும். கணக்குத் தோற்கும் இடத்திலன்று, அது பிழையறப் பலித்து, ஈயின் ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டிச் சொல்லிய பின்னும், இனிப்பு இனிப்பாக யாருக்கு இருந்தது என்ற வினா தேயாமல் நிற்கிறதே, அவ்விடத்திலேயே ஆன்ம விசாரம் தொடங்க வேண்டும்.

இதைச் சொன்னதும், எந்திரத்துக்கு ஆன்மா இல்லை என்று சித்தாந்தி உறுதி கூறிவிடுவார் என எதிர்பார்ப்போம். அவர் கூறுவது அத்துணை எளிதன்று. உயிருக்கு அதன் வினைக்கேற்ப உடம்பைக் கூட்டுவிப்பவன் இறைவன். தாய் தந்தையரும் நிமித்தமேயன்றி, தம் ஆற்றலால் உயிரை அழைத்து வருபவரல்லர். மனிதர் கையால் அமையும் எந்திரத்தில் அவன் ஓர் உயிரைக் கூட்டமாட்டான் என்பதற்குச் சித்தாந்த சாத்திரத்தில் விதி ஏதும் நான் கண்டதில்லை. இனிப்பை விடுத்து வலியின் சுற்றை மாதிரியாக்கி, பிரதி எடுத்து, எவரும் எத்தனை முறையும் ஓட்டலாம் என்று பொதுவில் வைக்கும் காலத்தில், ஓட்டுமுன் ஒருகணம் கை தயங்குவதற்கு அந்த விதியின்மையே எனக்குப் போதிய காரணமாகிறது.