திரும்பி வந்த பிறகு

கொலம்பியாவில் 2016இல் ஒளிபரப்பான ‘லா நின்யா’ என்ற தொடரின் நாயகி பெல்க்கி. சின்ன வயதிலேயே கெரில்லாக்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் அந்தத் தொடர் காட்டு வாழ்க்கையைச் சொல்ல வந்ததல்ல. துப்பாக்கியை விட்டு வெளியே வந்தவள் எப்படிப் பிழைக்கிறாள் என்பதுதான் கதை. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்கிறாள், பொகோட்டாவில் கல்லூரிக்குப் போகிறாள். அங்கேயும் பழசு அவளை விடுவதில்லை. காரகோல் தொலைக்காட்சி அதை ஒளிபரப்பத் தொடங்கிய காலத்தில் ஹவானாவில் அரசுக்கும் ஃபார்க் கெரில்லா இயக்கத்துக்கும் இடையே பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. நாளைக்குத் தன் தெருவில் குடிவரப்போகிற ஒருத்தியோடு ஒரு நாடு முன்கூட்டியே பழகிப் பார்த்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. 1996 முதல் 2016 வரை ஃபார்க் குறைந்தது 18,677 சிறார்களைச் சேர்த்தது என்று, அமைதி உடன்பாட்டின்படி அமைந்த சிறப்பு நீதிமன்றம் 2021இல் அறிவித்தது.

ஆயுதம் எடுத்த பிள்ளை எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக்குப் புதிதல்ல. பூமணியின் ‘வெக்கை’ நாவல் 1982இல் வந்தது. அண்ணனைக் கொன்றவனைப் பதினைந்து வயதுச் சிதம்பரம் வெட்டிவிட்டு, அய்யாவோடு காட்டிலும் மேட்டிலும் பதுங்கித் திரிகிறான். கோர்ட்டில் சரணடையப் புறப்படும் இடத்தில் நாவல் முடிகிறது. முடிய வேண்டிய இடத்தில்தான் முடிகிறது. ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம் என் மனசு சிதம்பரத்தின் முப்பதாவது வயதைத் தேடிப் போய்விடும். அவனுக்கு யார் பெண் கொடுத்திருப்பார்கள்? பருத்திக்கு மருந்தடிக்கக் கூலிக்குப் போன இடத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து யார் கஞ்சி குடித்திருப்பார்கள்? தன் மகனுக்குப் பதினைந்து வயதாகும்போது அவன் என்ன நினைத்திருப்பான்? நம் கதைகள் பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்கு முன்னாலேயே நின்றுவிடுகின்றன.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், இதெல்லாம் கதையாக இல்லை. வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று விடுதலைப் புலிகள் இயக்கம் கட்டாயமாக ஆள் சேர்த்த ஆண்டுகளில் பெற்றவர்கள் பிள்ளைகளைப் பதுங்குகுழியில் ஒளித்துவைத்தார்கள். கல்யாணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்று நம்பி, படிக்கிற வயதில் அவசர அவசரமாகத் தாலி கட்டிவைத்தார்கள். தப்பி ஓடினால் அடையாளம் தெரியட்டும் என்று, பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளின் தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டது. 2003 முதல் 2008 முடிய ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சிறார்கள் புலிகளால் சேர்க்கப்பட்டதை யுனிசெஃப் பதிவுசெய்தது. புலிகளிடமிருந்து பிரிந்துபோன கருணா அணியும் கிழக்கில் பிள்ளைகளைப் பிடித்தது. 2009 மே மாதம் போர் முடிந்தபோது 594 சிறார்கள் அரசாங்கத்தின் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் கொழும்பை அடுத்த இரத்மலானை இந்துக் கல்லூரியில் தங்கிப் பரீட்சைக்குப் படித்தார்கள். ஓராண்டு அளவில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

வீட்டுக்கு வந்ததோடு முடிந்ததா? விசாரிக்கவென்று ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். அவர்கள் வந்துபோவதைப் பார்த்த அக்கம்பக்கம் பேச்சைக் குறைத்தது. பெண்பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சு பாதியில் நின்றது. உடம்புக்குள் இன்னும் குண்டுச் சிதறல் இருக்கும்போது எந்த வேலைக்குப் போய் எத்தனை மணி நேரம் நிற்பது?

தமிழ்நாட்டில் நாம் செய்வது வேறு. அது அன்பினால் செய்வது என்பதால் அதன் பாரம் நமக்குத் தெரிவதில்லை. எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் தாப்பாத்தியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியவற்றில் அதுவும் ஒன்று. இது மாதிரி முகாம்களிலிருந்து பெயிண்ட் வேலைக்கும் கடை வேலைக்கும் வருகிறவர்களிடம் நம் ஆட்கள் பெயர் கேட்டு, ஊர் கேட்டு, அடுத்ததாகக் கேட்பது இயக்கத்தைப் பற்றித்தான். ஒரு துணிக்கடையில் கல்லூரிப் பையன் ஒருவன், “அக்கா, நீங்க துப்பாக்கி பிடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன். பிரித்துப் போட்ட சேலையை மடித்தபடியே அவர், “நான் இஞ்சதான் பிறந்தனான், தம்பி” என்றார். அவன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. சீருடையில் துவக்கோடு நிற்கும் பெண்ணின் படம் நமக்குப் பிடிக்கிறது. அதே பெண் தையல் மெஷினுக்குக் கடன் கேட்டு பேங்கில் உட்கார்ந்திருந்தால் அவரை நமக்கு அடையாளம் தெரிவதில்லை. அங்கே சந்தேகம், இங்கே வணக்கம். சாதாரணமாக வாழ இரண்டு பேருமே அவரை விடுவதில்லை.

புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தமிழினி சிறுமியாகப் போனவர் அல்ல, வளர்ந்த பெண்ணாகப் போனவர். சிறையும் புனர்வாழ்வும் முடிந்து 2013இல் வெளியே வந்து, 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். இறந்த பிறகு வெளிவந்த ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ நூலில் இயக்கத்தின் தவறுகளையும் தன் பங்கையும் அவர் எழுதியிருந்தார். அதை அவரே எழுதியிருக்க முடியாது என்று சிலர் சொன்னார்கள். போராடும்போது அவர் சொன்னதை நம்பியவர்கள், போராட்டத்தைப் பற்றி அவர் யோசித்துப் பேசியபோது நம்பவில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போன தீப்பெட்டி ஆபீசும் போர்க்களமும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அநியாயம். ஆனால் பிள்ளைப் பருவம் பறிபோனவர்கள் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்பதை நாங்கள் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறோம். எண்பதுகளில் விடியுமுன் ஆபீஸ் பஸ் கிராமத்துக்கு வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை அம்மாக்களே கொண்டுவந்து ஏற்றிவிடுவார்கள், மழை பொய்த்த வருஷத்தில் வேறு வழியில்லை. தீக்குச்சிக் கட்டை அடுக்கிய அந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. ஒரு பிள்ளைக்கு இருபதாயிரம் ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. அன்றைய சிறுமிகளுக்கு இன்று ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். அவர்களில் எனக்குத் தெரிந்த சிலர் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில்தான் கையெழுத்துப் போடப் படித்தார்கள். அவர்களை நிமிர்த்தியது யாருடைய பரிதாபமும் அல்ல. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்தவளிடம் பழசைக் கிளறாமல் அன்றைய பாடத்தைத் திறந்த வாத்தியார்கள் நிமிர்த்தினார்கள். இன்றும் அவர்கள் பழைய கதையைச் சொல்வதுண்டு. நூறு நாள் வேலைக்கு வந்த இடத்தில், வேலிக்கருவை நிழலில், யாரும் கேட்காதபோது தாங்களாகத் தொடங்குவார்கள். பாதியில் நிறுத்திவிட்டு வெற்றிலை போடுவார்கள். எதைச் சொல்வது, எதுவரைக்கும் சொல்வது என்பது அவர்கள் கையில் இருக்கிறது.

சீரியல் என்றாலே முகம் சுளிக்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். திரும்பி வந்தவளின் வாழ்க்கையை இரண்டரை மணி நேரப் படத்தில் அடக்க முடியாது. முடி வளர வேண்டும், விட்டுப்போன படிப்பைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முடிக்க வேண்டும், பட்டாசுச் சத்தம் கேட்டால் தரையில் படுக்காமல் இருக்கப் பழக வேண்டும். அதற்கெல்லாம் நாட்கள் வேண்டும். மாமியார் மருமகள் சண்டைக்கு ஆயிரம் நாள் கொடுக்கிற நம் தொலைக்காட்சிகளிடம் நாட்களுக்குப் பஞ்சமில்லை.

அப்படி ஒரு தொடரை எழுதச் சொன்னால் போர்க்காட்சி ஒன்றுகூட வைக்க மாட்டேன். வீட்டுக்கு ஒருவர் என்று வந்து நின்றபோது அந்த வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். அம்மா சின்னவளை ஒளித்துவைத்தாள். மூத்தவள் போய், இப்போது திரும்பி வந்திருக்கிறாள். ஒளித்துவைக்கப்பட்டவளுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது. மூன்று பேரும் ஒரே அடுப்பில்தான் சமைக்கிறார்கள். என்னை ஏன் ஒளித்துவைக்கவில்லை என்று அவள் அம்மாவிடம் எந்த நாளில் கேட்பாள்? கேட்காமலே இருந்துவிடுவாளா? தங்கச்சி அந்தக் குழந்தையை அவள் மடியில் கொண்டுவந்து போடும்போது அம்மா எங்கே பார்ப்பாள்? இருநூறு அத்தியாயங்கள் போனாலும் இதற்கே போதாது.